எட்டு கிராம்

பெரியபட்டினத்து ரிஃபாய் அந்த ரமலானில் ஒரு திருட்டு வேலை செய்துகொண்டிருந்தார். மதுரை டாக்டருக்குத் தெரியாது, ஷார்ஜாவில் இருக்கிற ஒரே மகள் சஃபாவுக்கும் தெரியாது. நோன்பு வைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஊரே நோன்பு வைக்கிற மாதத்தில் இதில் என்ன திருட்டு என்று கேட்பீர்கள். இரண்டு கிட்னியும் கைவிட்டுப் போன மனுஷன் வைத்தால் திருட்டுதான்.

அவருக்கு டயாலிசிஸ் வயிற்றில். ஆஸ்பத்திரிக்குப் போய் மிஷினில் படுக்கிற வகை இல்லை, வீட்டிலேயே தானே செய்துகொள்கிற வகை. தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய குழாய் வைத்திருந்தார்கள். அதன் வழியாக இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் விட வேண்டும். நாலைந்து மணி நேரம் அது உள்ளே கிடக்கும். குடலைப் போர்த்தினாற்போல உள்ளே ஒரு சவ்வு இருக்கிறதல்லவா, அதற்கு ஒரு பக்கம் ரத்தம், மறுபக்கம் இந்தத் தண்ணீர். ரத்தத்தில் இருக்கிற கழிவெல்லாம் சவ்வைத் தாண்டித் தண்ணீரில் இறங்கும். அதை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர். நாளைக்கு நாலு பை, வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாளும் நாலு பை. மனைவி தாஜுன்னிசா மௌத்தான பிறகு அவள் அறையில் அட்டைப்பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. மாதம் ஒரு தடவை மதுரையிலிருந்து வேன் வந்து இறக்கிவிட்டுப் போகும். அந்த வேன் டிரைவரிடம் ரிஃபாய் அரை மணி நேரமாவது பேச்சுக் கொடுக்காமல் விடமாட்டார். பாவம் அந்த ஆள், அவனுக்கு அடுத்து தேவிபட்டினம் போக வேண்டும்.

இப்போது திருட்டுக்கு வருகிறேன். மருந்துத் தண்ணீரில் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை வாய் வழியாகப் போனால் என்ன, வயிற்றில் வைத்த குழாய் வழியாகப் போனால் என்ன, நோன்பு முறிந்ததுதானே என்பது ரிஃபாயின் கட்சி. ஆகவே விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு ஒரு பையை உள்ளே விட்டுக்கொண்டால், சாயங்காலம் நோன்பு திறந்த பிறகுதான் அதை வடிப்பார். பதிமூன்றரை மணி நேரம். பகலில் மாற்ற வேண்டிய பையைப் பெட்டியை விட்டே எடுக்கவில்லை. ஆனால் மதுரைக்கு அனுப்புகிற நோட்டில் மட்டும் ஒழுங்காக நாலு பை என்று எழுதிவிடுவார். கணுக்கால் வீங்கியது. வீங்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பள்ளிவாசல் ஹஜ்ரத் போன வருஷமே எடுத்துச் சொல்லியிருந்தார். “காக்கா, நோயாளிக்கு நோன்பு கடமை இல்ல. ஒரு ஏழைக்குச் சாப்பாடு குடுத்துருங்க. அல்லாஹ் யாரையும் தாங்க முடியாததக் கொண்டு சோதிக்கிறதில்ல.” ரிஃபாய் மண்டையை மண்டையை ஆட்டிவிட்டு வந்தார். சாப்பாடும் கொடுத்தார். பிறகு ஏன் இந்த வருஷம் இந்த வீம்பு?

கஞ்சிக்காக. சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அதுதான் உண்மை. நோன்புக் கஞ்சிக்கு நாக்கு அலைந்து இல்லை. மற்ற பதினோரு மாதமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட ஆள் கிடையாது. நோன்பு மாதத்தில் மட்டும், பாங்குக்குக் கால் மணி முன்னால், பள்ளிவாசல் பாயில் வரிசையாக உட்காருவார்கள். தோள் தோளில் இடிக்கும். யாராவது ஒருத்தர் பேரீச்சம்பழத்தை இவர் பக்கம் தள்ளிவிடுவார். இன்னொருத்தர், “என்ன காக்கா, வெயிலு வாட்டிருச்சா?” என்பார். போன வருஷம் நோன்பில்லாமல் அந்தப் பாயில் போய் உட்காரக் கூச்சப்பட்டுக்கொண்டு, முப்பது நாளும் வீட்டிலேயே அடைந்து கிடந்தார். தெருமுனையிலிருந்து கஞ்சி வாசம் வரும், பேச்சுச் சத்தம் வரும். யாரும் வந்து ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆனால் இது கடைசி ரமலான் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஊரில் கடைசி. ஆறு மாதத்துக்கு முன்னால் சஃபாவே பேச்சை எடுத்தாள். “ஒத்தையில கெடந்து என்ன செய்யப் போறிய வாப்பா? இங்கன வந்துருங்க. பெட்டியெல்லாம் வைக்க ஒரு சின்ன ரூம்பு இருக்கு, அதைக் காலி பண்ணிட்டேன்.” மருமகன் ஹமீது சுல்தான் அங்கே ஆஸ்பத்திரியில் பேசி, மருந்துத் தண்ணீருக்கும் ஏற்பாடு செய்துவிட்டான். சும்மா சொல்லக் கூடாது, தங்கமான பையன். பெருநாள் கழிந்ததும் கிளம்ப வேண்டியதுதான். டாக்டர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அந்தக் கையெழுத்துக்கு டாக்டர் ஒரு நிபந்தனை வைத்தார். சவ்வு இருக்கிறதே, அது கழிவை மட்டும் விட வேண்டும். புரதத்தை விடக் கூடாது. புரதம் பெரிய உருப்படி, சவ்வின் துளையில் எளிதில் நுழையாது. ஆனாலும் கொஞ்சம் கசியும், நாளைக்கு எட்டு கிராம், பத்து கிராம். அதற்குள் இருந்தால் பயணம் போகலாம். இருபதைத் தொட்டால் சவ்வு கெட்டுவிட்டது என்று அர்த்தம். பிறகு பையும் கிடையாது, பயணமும் கிடையாது. வாரம் மூன்று நாள் ராமநாதபுரத்தில் மிஷினில் படுக்க வேண்டியதுதான். “ஒரு நாள் பூரா வடிச்ச தண்ணி நாலு பையிலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கலந்து லேப்ல குடுங்க” என்று நர்ஸ் போனில் இரண்டு தடவை சொன்னாள்.

நாலு பைக்கு ரிஃபாய் எங்கே போவார்? இருந்ததே மூன்று. சாயங்காலம் வடித்த பையிலிருந்து ஒரு பாட்டில் நிறையப் பிடித்துக்கொண்டு மறுநாள் காலை பஸ் ஏறினார். எல்லாம் ஒரே வயிற்றுத் தண்ணீர்தானே என்று நினைத்தார்.

ராமநாதபுரத்தில் காளிராஜ் என்று ஒருவர் லேப் வைத்திருந்தார். முப்பத்தைந்து வயது, வாய் ஓயாத ஆள். ரிஃபாய்க்கு அவரைப் பிடிக்கும், வாய் ஓயாததாலேயே பிடிக்கும்.

“வாங்க பாய். நோன்பா? அப்ப டீ சொல்லல. இது நாலு பையும் கலந்ததுதான?”

“ஆமா தம்பி.”

ஒரு சின்ன வார்த்தை, ஆமா. வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

காளிராஜ் ஒரு கண்ணாடிக் குழாயில் அந்தத் தண்ணீரை ஊற்றினார். வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது. “மிஷின்ல போடுறதுக்கு முன்னாடி நான் எப்பவும் கண்ணால ஒருக்கப் பாத்துருவேன் பாய். இந்த ஆசிட்ட ரெண்டு சொட்டு விட்டா, புரதம் இருந்துச்சுன்னா காட்டிக் குடுத்துரும்.” விட்டார். சொட்டு விழுந்த இடத்திலிருந்து வெள்ளையாகக் கிளம்பி, ரிஃபாய் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே குழாய் முழுக்கப் பாலாகத் திரண்டுவிட்டது. காளிராஜின் வாய் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஓய்ந்தது. குழாயை வெளிச்சத்தில் பிடித்தார், பின்னால் விரலை வைத்துப் பார்த்தார், விரல் தெரியவில்லை.

மிஷினும் அதையேதான் சொன்னது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நாளைக்கு இருபத்தொரு கிராம். ரிப்போர்ட் ரிஃபாய் கைக்கு வருவதற்குள் மதுரைக்குப் போய்விட்டது. மத்தியானத்துக்குள் நர்ஸ் கூப்பிட்டுவிட்டாள். இப்போதைக்குப் பயணத்தை நிறுத்தி வையுங்கள், பெருநாள் கழித்து வாருங்கள், மிஷினுக்கு மாற்றுவதைப் பற்றிப் பேசலாம் என்றாள்.

அன்று சாயங்காலம் அவர் கஞ்சிக்குப் போனார், ஆனால் யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து சஃபாவைக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“அப்படியா வாப்பா?” என்றாள் சஃபா. பிறகு கடகடவென்று பேசினாள். “பரவால்ல, விடுங்க. ஒடம்புதான் முக்கியம். இந்த நெலமையில பிளேன் ஏறி என்னமும் ஆச்சுன்னா என்ன செய்றது? அங்கன டாக்டரு பக்கத்துல இருக்காரு. நான் லீவுக்கு வாரேன், பத்து நாளு இருக்கேன். நீங்க ஒண்ணும் மனசப் போட்டு ஒழப்பிக்கிறாதிய.”

புள்ளைக்கு எவ்வளவு வருத்தம், வெளியே காட்டிக்கொள்ளாமல் பேசுகிறாளே என்று ரிஃபாய் நினைத்தார். பெற்ற மனசு அப்படித்தான் நினைக்கும். அன்றைக்குத் தனக்காகக் கொஞ்சமும் மகளுக்காக நிறையவும் கண் கலங்கினார்.

மறுநாள் சஹருக்கு எழுந்து தேத்தண்ணி போட்டார். தூளைப் போட்டுவிட்டு இறக்க மறந்துபோய், பெட்டிகள் அடுக்கிய அறை வாசலில் நின்றுகொண்டிருந்துவிட்டார். வந்து வாயில் வைத்தால் கசப்பு. ஊறிக் கிடந்தால் கசக்காமல் என்ன செய்யும்? டம்ளரைக் கீழே வைத்தார். மண்டையில் ஒரு அடி அடித்த மாதிரி இருந்தது. நாலு மணி நேரம் கிடக்க வேண்டிய தண்ணீர் பதிமூன்றரை மணி நேரம் வயிற்றுக்குள் ஊறியிருக்கிறது. அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நாலு பையும் கலந்தது என்று நோன்பு வாயோடு பொய் சொல்லியிருக்கிறார். அது பாலாகத் திரளாமல் வேறு என்ன ஆகும்!

விடிந்ததும் விடியாததுமாகக் காளிராஜுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினார். காளிராஜ் பொரிந்து தள்ளிவிட்டார்.

“என்ன பாய் இது? நோட்டுல பொய்யி, என்கிட்டப் பொய்யி! கொஞ்சம் கொஞ்சமா கசியுறது, நேரமாக ஆகச் சேராதா? அந்த ஒரு பையில இருந்ததக் கொண்டு நாலு பைக்கும் பெருக்கிட்டோம்ல. நல்லவேள, மிஷினுக்கு மாத்துற ஆப்பரேஷன் வரைக்கும் போகாம சொன்னிய. ஒண்ணு செய்யிங்க. ரெண்டு நாளைக்கு நோன்ப விடுங்க. நாலு பையும் நேரத்துக்கு மாத்துங்க. ரெண்டாம் நாள் தண்ணி ஒரு சொட்டு விடாம எல்லாத்தையும் கொண்டாங்க, நானே கலந்துக்கிறேன். எட்டு லிட்டரு தூக்க முடியுமா?”

“தூக்குறேன் தம்பி. ஷார்ஜா வரைக்கும் வேணும்னாலும் தூக்குறேன்.”

இரண்டு நாள் நோன்பை விட்டார். காலையில் ஒரு பை, நடுப்பகலில் ஒரு பை, சாயங்காலம் ஒன்று, படுக்கப் போகும்போது ஒன்று. முகமூடி கட்டிக்கொண்டு, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, முதன்முதலாக மதுரையில் கற்றுக்கொடுத்தபோது செய்த அதே பயபக்தியோடு செய்தார். வடிந்த பையைக் காலண்டர் முன்னால் பிடித்து, தேதி தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்தார். மீன் நிறுக்கிற தராசில் தொங்கவிட்டு நிறுத்தார். கணுக்கால் வீக்கம் வடிந்து நரம்பு தெரிந்தது.

சாயங்காலம்தான் கஷ்டமாக இருந்தது. பாங்குக்கு முன்னால் தெருவில் செருப்புச் சத்தங்கள் பள்ளிவாசல் பக்கம் போயின. கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு ரிஃபாய் உள்ளே உட்கார்ந்திருந்தார். இருபது நாளாகத் தோளில் இடித்துக்கொண்டிருந்த ஆட்களில் ஒருத்தராவது எட்டிப் பார்ப்பார்கள் என்று அவருக்கு ஒரு நப்பாசை. முதல் நாள் ஒருத்தரும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. இன்னும் கொஞ்ச நாள்தானே, ஷார்ஜாவில் பேத்தி இஃப்ரா பக்கத்தில் உட்கார்ந்து நோன்பு திறக்கப் போகிறோம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். தேற்றிக்கொள்ள அது போதுமானதாக இருந்தது.

மகளிடம் எதையும் சொல்லவில்லை. நல்ல சேதியாகச் சொல்லி அவளைத் திக்குமுக்காட வைக்க வேண்டும் என்று எண்ணம். மூன்றாம் நாள் காலை, அன்றைக்கும் நோன்பு வைக்காமல், கடைசிப் பையையும் வடித்துவிட்டு, இரண்டு கட்டைப்பைகளில் தண்ணீர்ப் பைகளை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். கண்டக்டர் என்ன பாய் சரக்கு என்று கேட்டதற்கு, “சர்பத்து” என்றார். அவ்வளவு சந்தோஷம் மனுஷனுக்கு.

காளிராஜ் எல்லாவற்றையும் ஒரு வாளியில் ஊற்றிக் கலக்கி, அதிலிருந்து குழாயில் எடுத்தார். இரண்டு சொட்டு விட்டார். ரிஃபாய் நாற்காலியை விட்டு எழுந்து, மூக்கு குழாயில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். கண்ணாடியில் ஊதினால் படிகிற ஆவி அளவுக்கு ஒரு மங்கல் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. காளிராஜ் பின்னால் விரலை வைத்தார். விரல் தெரிந்தது, விரலில் இருந்த மோதிரமும் தெரிந்தது.

“எட்டு கிராம் பாய்!” என்றார் மிஷினைப் பார்த்துவிட்டு. “தங்கமான சவ்வு. புரதத்த ஆளு பாத்துத்தான் விடுது. போங்க, போயி பெட்டியக் கட்டுங்க. இன்னைக்கு நோன்பு இல்லேல்ல? டீ குடிச்சிட்டுத்தான் போகணும்.”

டீ குடித்தார். அந்த லேப் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு மனுஷரோடு டீ குடித்தார். மதுரைக்கு ரிப்போர்ட்டோடு நடந்ததையும் காளிராஜ் சொல்லி அனுப்பினார். அரை மணி நேரத்தில் நர்ஸ் கூப்பிட்டு, நோன்பு விஷயத்துக்கு நன்றாகத் திட்டிவிட்டு, டாக்டர் கடிதம் தருவார் என்றாள். இனி ஒரு தடையும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் சிமெண்டுப் பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டு, ரிஃபாய் மகளைக் கூப்பிட்டார்.

எடுத்தது இஃப்ரா. பதின்மூன்று வயது. பிறந்ததிலிருந்து அந்த ஃபிளாட்டின் ஹாலில் சோபாவில் படுத்து வளர்ந்த பிள்ளை.

“நன்னா! உங்களுக்கு ஒரு விஷயம் தெரியுமா? எனக்கு ரூம் வந்துருச்சு!”

“என்னம்மா?”

“உங்களுக்குன்னு வச்சிருந்தாங்கள்ல, அந்த ரூம். நீங்க வரலேன்னதும் அன்னைக்கே உம்மா எனக்குக் குடுத்துட்டாங்க. கட்டில் போட்டாச்சு, படிக்கிறதுக்கு மேசை போட்டாச்சு. கதவு இருக்கு நன்னா, சாத்திக்கலாம்! என் ஃபிரெண்ட்ஸ் எல்லாம் நேத்து இஃப்தாருக்கு வந்து பாத்தாங்க.” மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். சுவரில் என்ன ஒட்டியிருக்கிறாள், கதவுக்கு என்ன நிறத்தில் திரை போட்டிருக்கிறாள், எல்லாம். பிள்ளைக்கு ஒளித்துப் பேசத் தெரியாது. அவள் சந்தோஷத்தில் ஒரு குறையும் இல்லை.

“மாஷா அல்லாஹ்” என்றார் ரிஃபாய்.

போன் கை மாறியது. “வாப்பா…” என்றாள் சஃபா. குரலில் ஒரு திடுக்கு இருந்தது. “அவ சொல்றத எடுத்துக்கிறாதிய. சும்மா கெடந்த ரூம்பு, அதான் பரீட்ச வரைக்கும் இருக்கட்டும்னு… டாக்டரு வேற எதும் சொன்னாரா வாப்பா? மறுபடி டெஸ்டு எதும் எடுத்தாங்களா?”

கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாள். மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. அன்றைக்கு இருபத்தொன்று என்று சொன்னபோது இதே போல ஒரு அமைதி இருந்ததே, அதற்குப் பிறகு கடகடவென்று பேசினாளே, அது என்ன பேச்சு என்று ரிஃபாய்க்கு இப்போது, பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்கு நடுவில், புரிந்தது. மகள் கெட்டவள் இல்லை. கூப்பிட்டபோது மனசாரத்தான் கூப்பிட்டாள். ஆனால் ஒரு மாதத்துக்கு முப்பது பெட்டியும், நாளைக்கு நாலு பையும், ஒரு நோயாளிக் கிழவனும் அந்தச் சின்ன ஃபிளாட்டுக்குள் வருகிறதைக் கண்முன்னால் பார்த்த பிறகு, வராமல் போனதில் ஒரு ஆறுதல். அதை அவள் தனக்கே சொல்லியிருக்கமாட்டாள்.

சட்டைப் பையில் ரிப்போர்ட் இருந்தது. எட்டு கிராம். வாயைத் திறந்தால் போதும், அந்தப் பிள்ளை நாளைக்கே கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிடும். முகம் சுளிக்காமல்கூட வரும்.

“எடுத்தாங்கம்மா” என்றார். “அதேதான். ஒழுகத்தான் செய்யுது.”

அந்தப் பக்கம் சஃபா மூச்சை விட்டாள். அவருக்கு நன்றாகக் கேட்டது. பிறகு அழ ஆரம்பித்தாள், அந்த அழுகையும் நிஜம்தான். “நான் எம்புட்டு ஆசையா இருந்தேன் தெரியுமா வாப்பா…” என்றாள்.

“தெரியும்மா. அழுவாத. நோன்பு நேரத்துல அழுவாத.” ரிஃபாய் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். “புள்ள மேசைய ஜன்னல் பக்கமாப் போடச் சொல்லு. வெளிச்சம் இல்லாமப் படிச்சா கண்ணு கெட்டுரும்.”

“அந்த ரூம்புல ஜன்னல் இல்ல வாப்பா” என்றாள் சஃபா மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “சாமான் போடுற ரூம்புதான?”

“ஜன்னல் இல்லையா?” என்றார் ரிஃபாய். ஆறு மாதமாக அவர் மனசுக்குள் அந்த அறையில் ஜன்னலோரமாக உட்கார்ந்துதான் பை மாற்றிக்கொண்டிருந்தார்.